சிவப்பு மைச் சனிக்கிழமைகள்

(மதுரையில், மேல்முறையீட்டு வழக்கறிஞர்கள் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்குழுவில், பதவி முடித்து இறங்கும் தலைவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சக வழக்கறிஞர்களே, எங்களுக்கு முன்பே எல்லாம் தெரிந்து வைத்திருக்கும் குமாஸ்தா நண்பர்களே,

செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார். உறுப்பினர் எண்ணிக்கை கூடிவிட்டது என்ற இடத்தில் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்த ஒரு வரிதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு திறந்தது. அதுவரை நாகர்கோவில்காரரும் இராமநாதபுரத்துக்காரரும் மேல்முறையீடு என்றால் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டும். ஒரே நாளில் 13 மாவட்டங்களின் வழக்குக் கட்டுகள், அமர்வு இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் திரும்பின. ஜில்லா கோர்ட்டில் சாட்சி விசாரித்துக்கொண்டிருந்த நாங்கள் மேல்முறையீட்டு வழக்கறிஞர்கள் ஆனோம். பெயர்ப்பலகையில் ஆனோம் என்று சொல்ல வேண்டும். வேலை பழக ஆண்டுகள் பிடித்தன.

விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியின் முகம் வெளுப்பதைப் பார்த்து அடுத்த கேள்வியைப் போடலாம். மேலே வந்தபின் முகம் கிடையாது, காகிதம்தான். எனக்கு அது உறைத்தது ஒரு பாகப்பிரிவினை வழக்கில். நீதிபதி நான்கு எல்லையைக் கேட்டார். தட்டச்சுத் தொகுப்பைப் புரட்டுகிறேன், சொத்து விவரத்தின் இரண்டாம் பக்கமே இல்லை. நகலெடுக்கும்போது விட்டுப்போயிருக்கிறது, நான் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்கு தள்ளிப்போனது. கட்சிக்காரர் ஒரு மூதாட்டி. கமுதிப் பக்கத்திலிருந்து கட்டுச்சோற்றோடு வந்தவர். “அடுத்த வாய்தா எப்போ ராசா?” என்று கேட்டாரே தவிர என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை ஒரு சீனியரின் சேம்பரில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். தாக்கல் செய்வதற்கு முன் ஒருவர் கட்டை இன்னொருவர் வாசிப்பது என்று முடிவானது. சனிக்கிழமை காலை, சிவப்பு மைப் பேனா, தேநீர் அவரவர் செலவு. சங்கம் பிறந்த கதை இவ்வளவுதான். விதிமுறைகளும் ரசீதுப் புத்தகமும் பிறகு வந்தவை.

அந்தச் சனிக்கிழமைகளில் என்ன நடக்கும் என்று புதியவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு தம்பி பாதை வழக்கொன்றில் இரண்டாம் மேல்முறையீடு எழுதிக் கொண்டுவந்தார். பன்னிரண்டு சட்டக் கேள்விகள். முதல் கேள்வி, “கீழ் நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சரிவர ஆராயாதது சரிதானா?” பழைய கட்டிலிருந்து பெயர்த்து ஒட்டியது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பின், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கதவைத் திறக்கும். அதையும் மனுவிலேயே துல்லியமாக எழுதச் சொல்கிறது. இரண்டு மணி நேரம் சிவப்பு மையால் ஒவ்வொரு கேள்வியாக அடித்துக்கொண்டே போனோம். தம்பியின் முகம் சுண்டிவிட்டது.

கடைசியில் ஒரு மூத்தவர், “அந்தக் கிரயப் பத்திரத்தை எடு” என்றார். மூன்றாம் பக்கத்தில் பாதை எழுதியே கொடுக்கப்பட்டிருந்தது. கீழே இரண்டு நீதிமன்றங்களும், போக வேறு வழி இருக்கிறதே என்று வழக்கைத் தள்ளியிருந்தன. தேவையினால் வரும் பாதை உரிமைக்குத்தான் அந்தக் கணக்கு. பத்திரம் மூலம் கொடுத்த பாதை, வேறு வழி கிடைத்ததால் அழியாது. 2006-இல் ஹீரோ வினோத் எதிர் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. பன்னிரண்டும் போய் ஒரே கேள்வி மிஞ்சியது. மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது.

இப்போது சனிக்கிழமைகளில் கூடம் நிறைகிறது. ஆனால் கட்டை வாசித்துவிட்டு வருபவர் நான்கைந்து பேர். ஒன்பது பேர் இருந்தபோது வாசிக்காதவன் மாட்டிக்கொள்வான். இன்று பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “சார், சேர்ந்தால் காரில் ஒட்ட ஸ்டிக்கர் உண்டா?” இல்லை என்றேன். சேரவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஓட்டுக்காகச் சேருபவர்கள் இன்னொரு வகை. 2011-இல் பி.டி. கௌசிக் வழக்கில், பல சங்கங்களில் உறுப்பினராக இருந்தாலும் ஓட்டு ஒன்றில்தான் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே விதியை நம் சங்கத்துக்கும் கொண்டுவரும் தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது, நிறைவேற்றித் தாருங்கள். அதே வழக்குத் தொடரில் 2024 மே மாதம், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கச் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்க உத்தரவானது. நம் செயற்குழுவில் ஒரே ஒரு பெண். தீர்ப்பைப் படித்துவிட்டும் இப்படி உட்கார்ந்திருக்கிறோம்.

நீதிமன்றப் புறக்கணிப்புத் தீர்மானம் வேண்டும் என்று சிலர் சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்ற ஹரீஷ் உப்பல் தீர்ப்பு 2002-லேயே வந்துவிட்டது. மேற்கொண்டு நான் பேசவில்லை.

நான் அதிகம் வற்புறுத்துவது வேறொன்று. தாலுகா கோர்ட் வழக்கறிஞர்களை நாம் உள்ளே அழைக்கவில்லை. கட்டு பிரித்ததும் “கீழே கோட்டைவிட்டுவிட்டார்கள்” என்கிறோம். பரமக்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் அவர்கள் சாட்சியமாகக் குறியீடு செய்த ஆவணத்தை வைத்துத்தான் இங்கே நாம் வாதாடிப் பேர் வாங்குகிறோம். விசாரணை நீதிமன்ற ஆவணங்களைக் ‘கீழமை நீதிமன்ற ஆவணங்கள்’ என்று சொல்லக் கூடாது என 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தன் பதிவகத்துக்கு உத்தரவிட்டது. நம் வாய்தான் இன்னும் திருந்தவில்லை. சற்று முன் நானே இரண்டு முறை சொன்னேன், கவனித்திருப்பீர்கள். அவர்களுக்கு இணை உறுப்பினர் தகுதி தரும் தீர்மானம் மூன்றாவதாக வருகிறது.

கைதிகளின் மேல்முறையீடுகளைக் கவனிக்கும் நம் சிறை மேல்முறையீட்டுக் குழுவுக்கும் ஆள் வேண்டும். ஹாஸ்கோட் என்ற கைதியின் வழக்கில் தீர்ப்பு நகல் அவர் கைக்கு வராமல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் போனது. நகலை இலவசமாக, உடனே கைதியிடம் சேர்க்க வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். நகல் சேர்ந்தாலும் அதை வாசித்துச் சொல்ல ஒருவர் போக வேண்டுமே. இரண்டு பெயர்தான் வந்திருக்கிறது. பட்டியல் வாசலில், குமாஸ்தா மேசையில் இருக்கிறது.

சீனியர்கள் தங்கள் கட்டைக் கொண்டுவருவதில்லை, எங்கள் கட்டை மட்டும் கிழிக்கிறார்கள் என்று இளையவர்கள் முணுமுணுப்பது என் காதுக்கும் வந்தது. நியாயம்தான். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு என்னுடைய மனு வாசிப்புக்கு வருகிறது: ஒரு கொலை வழக்கு மேல்முறையீடு, 340 பக்கம். நகல்கள் திங்களன்று கிடைக்கும். உணவு கீழ்த்தளத்தில் தயாராக இருக்கிறது. தீர்மானங்களுக்குக் கை தூக்கிவிட்டுப் போங்கள்.