வேர் விட மறுக்கும் கடலைச் செடி

நேயர்களுக்கு வணக்கம். செடியின் ஒரு துண்டிலிருந்து ஆய்வகக் குப்பியில் முழுச்செடி வளர்க்கும் திசு வளர்ப்பு பற்றித்தான் இன்று பேச்சு. புகையிலை இலையில் ஒரு துண்டு நறுக்கித் தகுந்த ஊடகத்தில், அதாவது சத்துகள் கலந்த வளர்ப்புக் கலவையில் வைத்தால், சில வாரங்களில் குருத்துகள் கிளம்பிவிடும். கொண்டைக்கடலை இலையை அப்படி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காலஸ் என்கிற உருவமில்லாத திசுக்கட்டிதான் மிஞ்சும். பயறு வகைகளைப் பிடிவாதக்காரப் பயிர்கள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். அதே குடும்பத்தில் குதிரைமசால் என்ற தீவனப்பயிர் போலச் சொன்ன பேச்சு கேட்பவையும் உண்டு.

இலை ஒத்துழைக்காததால் முளைத்த நாற்றின் வித்திலைக் கணுவை, அதாவது விதையிலைகள் தண்டோடு சேரும் இடத்தை, எடுக்கிறோம். அங்கே மொட்டுத் திசு ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கிறது. குருத்தைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் கலந்த ஊடகத்தில் வைத்தால், ஒரு குருத்துக்குப் பதிலாகக் கொத்தாகவே வரும். ஊடகத்தில் உள்ள உப்புகள், முராஷிகி, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962இல் புகையிலைக்காக வகுத்தவை. வைட்டமின்கள் பெரும்பாலும் கேம்போர்க் குழு 1968இல் சோயா வேர்ச் செல்களுக்காக உருவாக்கிய பி5 கலவையிலிருந்து வருபவை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பதால் பூஞ்சைக்கும் அது விருந்துதான். ஆட்டோகிளேவ் என்கிற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் கிருமி நீக்கிய குப்பியிலும், விதையோடு ஒட்டிவந்த ஒரு பூஞ்சை வித்து போதும், எல்லாம் பாழ்.

சரி, குருத்து வந்துவிட்டது. உண்மையான தலைவலி இனிமேல்தான். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனைக் கொடுத்து வேர்விடச் சொன்னால், கொண்டைக்கடலைக் குருத்து பல நேரம் கேட்பதில்லை. கேட்டாலும் வேர் மெலிந்துபோய், மண்ணுக்கு மாற்றியதும் செடி வாடிவிடுகிறது. இதற்குக் கைகொடுப்பது தோட்டக்காரர்களின் பழைய வித்தை, ஒட்டுக்கட்டுதல். விதையிலிருந்து வேரோடு வளர்ந்த, சில நாள் வயதான நாற்றின் தலையைக் கிள்ளி, தண்டில் சிறு பிளவு செய்து, ஆய்வகக் குருத்தின் அடியை ஆப்பு போலச் சீவிச் செருகுகிறோம். இத்தனை ரசாயனம் வைத்துக்கொண்டு கடைசியில் பிளேடைத்தான் நம்புகிறோம்!

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஒரு திசுவில் புதிய மரபணுவைச் செலுத்தினாலும் அந்தத் திசு முழுச்செடியாக மாறியாக வேண்டும். காய்ப்புழுவைத் தாங்கும் தட்டைப்பயறுக்கு நைஜீரியா 2019இல் அனுமதி தந்ததே, அதுவும் இப்படிக் குப்பிக்குள் தொடங்கியதுதான்.

அப்புறம், செடியை வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். குப்பியின் ஈரத்தில் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு குறைவு. இலைத்துளைகளும் சரியாக மூடாது. அதனால் முதலில் பாலித்தீன் பையால் மூடி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறோம். இன்னொன்றும் உண்டு. கிருமியே இல்லாமல் வளர்ந்த செடியிடம், பயறுச் செடிக்கு வேர்முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா இருக்காது. கிருமி நீக்கிய மண்ணில் நட்டால் வேர்முடிச்சு வராது. இத்தனை நாள் பாக்டீரியாவை விரட்டிவிட்டு, நடும்போது நாமே ஒரு பாக்டீரியாவைக் கரைத்து வேரில் ஊற்றுகிறோம்.