எந்த வயதில் மரபணுவை அடக்குகிறோம்?

[திரையில்: நுண்ணோக்கியில் நெளியும் புழு]

இது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். முட்டையிலிருந்து வந்து நான்கு இளம்புழுப் பருவங்களைக் கடந்து, சுமார் மூன்று நாளில் முட்டையிடும் வயதை எட்டிவிடும்.

இதன் உடலில் ஒரு மரபணுவை அடக்க, அதாவது அதன் செயலைக் குறைக்க, சாப்பாட்டை மாற்றினாலே போதும். அந்த மரபணுவுக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்என்ஏவை உண்டாக்கும் ஈ.கோலி பாக்டீரியாவைத் தின்னக் கொடுக்கிறார்கள். புழுவின் செல்லுக்குள் டைசர் என்ற நொதி அதைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. துண்டுகள் வழிகாட்ட, அந்த மரபணுவின் தூது ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்யச் செல் பயன்படுத்தும் நகல், அழிகிறது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இந்த ஆர்என்ஏ குறுக்கீட்டை 1998இல் விளக்கியது இதே புழுவில்தான். 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சாப்பாட்டை எப்போது மாற்றுவது? பிறந்த உடனேயா, வளர்ந்த பிறகா?

[திரையில்: புழுவின் பருவங்கள், காலக்கோடு]

2002இல் ஆண்ட்ரூ டில்லினும் சிந்தியா கென்யனும் சக ஆய்வாளர்களும் இதையே சோதித்தார்கள். முதலில் டாஃப்-2. இன்சுலின் போன்ற சமிக்ஞைகளை வாங்கும் புரதத்துக்கான மரபணு இது. இதை அடக்கினால் புழு நெடுநாள் வாழும். வளர்ந்த பிறகு அடக்கத் தொடங்கியபோதும் ஆயுள் அதே அளவு கூடியது. இளமையில் மட்டும் அடக்கிவிட்டு, வளர்ந்ததும் டைசரையே அடக்கிக் குறுக்கீட்டை நிறுத்தினார்கள். ஆயுள் கூடவில்லை! எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்: அடக்கும் கருவியையே அடக்கி மரபணுவை மீட்கிறார்கள்.

அப்புறம் மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு. அந்த ஆற்றலை உண்டாக்க உதவும் புரதத் தொடரான சுவாசச் சங்கிலியின் மரபணுக்களை இளம்பருவத்திலிருந்தே அடக்கினால் புழு சிறுத்து, மெதுவாக அசைந்து, அதிக நாள் வாழ்கிறது. வளர்ந்த பிறகு அடக்கினாலும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைகிறது, ஆனால் ஆயுள் நீளவில்லை. இந்த மரபணுக்களைப் பொறுத்தவரை, புழுவின் வேகமும் ஆயுளும் வளரும்போதே தீர்மானமாகிவிடுகின்றன.

ஆகவே ‘இந்த மரபணுவை அடக்கினோம், ஒன்றும் நடக்கவில்லை’ என்று யாராவது சொன்னால், எந்தப் பருவத்தில் என்று கட்டாயம் கேளுங்கள். தூது ஆர்என்ஏ அழிந்தாலும் ஏற்கெனவே உருவான புரதம் சில காலம் தங்கியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வளர்ச்சிக்கு இன்றியமையாத மரபணுக்களில் சிக்கல் வேறு. பிறந்ததிலிருந்தே அடக்கினால் புழு பாதி வளர்ச்சியில் நின்றுவிடும் அல்லது இறந்துவிடும். 2007இல் ஷான் கர்ரனும் கேரி ருவ்கனும் அப்படிப்பட்ட சுமார் 2,700 மரபணுக்களை, புழு வளர்ந்து முடிந்த பிறகு அடக்கிப் பார்த்தார்கள். அவற்றில் 64 மரபணுக்கள் ஆயுளை நீட்டின.