ரெண்டு காசுக்கு இவ்வளவு கணக்கா? ஆமா, இவ்வளவு கணக்கு!

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்கு நான் கொஞ்சம் சூடாதான் இருக்கேன், முதல்லயே சொல்லிடறேன். ஒரு குட்டிப் பிரசங்க வீடியோ கண்ணுல பட்டுச்சு. யாருன்னு சொல்ல மாட்டேன், தேடாதீங்க. "அந்த விதவை இருந்ததெல்லாம் போட்டாளே, நீங்க ஏன் கையை மூடிக்கிறீங்க?" இல்லாதவங்களைப் பாத்து அப்படி ஒரு கேள்வி! எனக்கு வந்துச்சு பாருங்க...

மாற்கு 12 எடுத்துக்கங்க. எல்லாரும் 41-ல ஆரம்பிப்பாங்க. நீங்க ஒரு வசனம் முன்னாடி போங்க. 40-ல "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து"ன்னு வேதபாரகரை, அதாவது யூத நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறவங்களை, ஆண்டவர் கண்டிக்கிறார். அடுத்த வசனத்துலயே காணிக்கைப்பெட்டிக்கு எதிர்ல உக்காருறார். ஒரு ஏழை விதவை வந்து, தன்கிட்ட இருந்த ரெண்டு காசையும் போடறா. அவ மனசைப் பாராட்டறார், சரி. "நீங்களும் இப்படியே போடுங்க"ன்னு யாருக்காவது கட்டளை குடுத்தாரா? அங்க இல்ல. ஏழையை உருவறதுக்கு அந்த வசனத்தை எடுத்தா, 40-ல திட்டு வாங்கின கூட்டத்துலதான் போய் நிக்கணும்.

சரி, கணக்கு. பழைய ஆளுங்களுக்குத் தெரியும், எண்ணு வந்தா நான் விடமாட்டேன். ஒரு துட்டுக்குச் சரியான ரெண்டு காசு. கிரேக்கத்துல காசு லெப்டோன், துட்டு கொத்ராந்தேஸ். 64 துட்டு ஒரு தெனாரியம். மத்தேயு 20-ல திராட்சத்தோட்டத்துக்காரன் நாள்கூலி பேசறானே, நம்ம வேதாகமத்துல "பணம்"னு இருக்கே, அதேதான். அப்ப ஒரு பணத்துக்கு 128 காசு. பகல் 12 மணி நேரம்னு வெச்சா 720 நிமிஷம். 64-ஆல வகுங்க. 11 நிமிஷம் 15 விநாடி! ரெண்டு காசும் சேத்தே ஒரு கூலியாளோட கால்மணி வேலைகூட வரல.

இருங்க, முடியல. ரெண்டு அதிகாரம் தள்ளி மாற்கு 14. வேற ஒரு பெண் நளததைலம்ங்கிற வாசனைத் தைலத்தை ஆண்டவர் தலையில ஊத்தறா, 300 பணத்துக்கும் மேல விலை. 300-ஐ 64-ஆல பெருக்குங்க, 19,200. அதாவது அந்தத் தைலம் இந்தக் காணிக்கையை மாதிரி 19,200 மடங்கு! அவளைப் பத்தியும் ஆண்டவர் சொன்னது "தன்னால் இயன்றதை இவள் செய்தாள்." ஒருத்தி பாராட்டு இன்னொருத்தி பாராட்டைக் குறைக்கல. அதனால பெரிய காணிக்கைன்னாலே பெருமைன்னு முகம் சுளிக்கிறதும் எனக்குப் பிடிக்காது.

அய்யோ, பெட்டியைப் பத்தி சொல்லாம வந்துட்டேன். யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவுல, ஷெகலிம்ங்கிற பகுதியில, ஆலயத்துல 13 பெட்டி இருந்துச்சு, எக்காள வடிவம்னு இருக்கு. நிறைய நாணயம் விழுந்தா சத்தம் கேட்டிருக்கும். இவ காசு? பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்னொண்ணு, காசு ரெண்டு. ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணைப் போட்டிருக்கலாம். எனக்கு அந்த அதிகாரத்துலயே ரொம்பப் பிடிச்சது இந்த "ரெண்டு"தான்.

வாங்கற பக்கம் வரேன். தப்பு நடக்கிறது இங்கதான். இல்லாதவங்க ஏதாவது கொண்டுவந்தா "ஐயோ, நீங்களே வெச்சுக்கங்க"ன்னு திருப்பிக் குடுக்காதீங்க. நமக்கு அது இரக்கம். அவங்க காதுல "உன்னால குடுக்க முடியாது"ன்னு விழும். ரெண்டு கையால வாங்குங்க. தின்பண்டம்னா அவங்க முன்னாடியே ஒரு வாய் சாப்பிடுங்க. பொதுவா நன்றி சொல்லாம, அந்தப் பொருளைப் பேர் சொல்லிச் சொல்லுங்க. அன்னைக்கே அதைவிடப் பெரிசா ஒண்ணைத் திருப்பிக் கையில திணிக்காதீங்க, கடனைத் தீர்த்த மாதிரி ஆயிடும். அவங்க வீட்டுல அடுப்பு எரியுமான்னு சந்தேகமா? ரெண்டு நாள் கழிச்சு, வேற வழியா, சத்தமில்லாம உதவுங்க.

சபையில காணிக்கை பாக்கறவங்களுக்கு: தொகையைப் பேரோட வாசிக்காதீங்க. மூடின பையா இருக்கட்டும். எண்ணும்போது ரெண்டு பேருக்குக் குறையாம இருங்க, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பவுலே காணிக்கையைக் கொண்டுபோகத் தனியாப் போகல, 2 கொரிந்தியர் 8:20 பாருங்க. அங்கேயே 12-ம் வசனம்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே. அந்த வீடியோக்காரர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல போல.

ஹான், லேவியராகமம்! 5-ம் அதிகாரத்துல, பாவத்துக்குப் பலி குடுக்க ஆட்டுக்கு வழியில்லன்னா ரெண்டு பறவை, அதுக்கும் வழியில்லன்னா எப்பாங்கிற பழைய அளவுல பத்துல ஒரு பங்கு மாவு, சுமார் ரெண்டு லிட்டர். எண்ணெய் வார்க்கக்கூடாது, தூபவர்க்கம் போடக்கூடாது. எண்ணெயும் தூபமும் வேண்டாம்னதை ஏழைக்கான சலுகைன்னு நினைக்காதீங்க, அது பாவநிவாரண பலிங்கிறதால. ஏழைக்குன்னு வெச்ச வழி பறவையும் மாவும்தான். 12-ம் அதிகாரத்துலயும், பிள்ளை பெத்தவளுக்கு ஆட்டுக்குட்டி வாங்க முடியலன்னா ரெண்டு பறவை. லூக்கா 2:24-ல மரியாளும் யோசேப்பும் எதைக் கொண்டுவந்தாங்கன்னு நீங்களே திருப்பிப் பாருங்க. எப்பா அளவுக் கணக்கு தனி வீடியோவா வரும், அதுவும் நீளம்தான், இப்பவே சொல்லிட்டேன்.