நிலத்து ஆப்பிள்

(பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிப்பது பற்றி, கொடைக்கானலில் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 வந்தால் சலேத் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகாதவர்கள் நம் ஊரில் குறைவு. எந்த மதத்து வீடானாலும் சரி, தேர் பார்க்கக் கிளம்பிவிடுவோம். நானும் வில்பட்டியிலிருந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருடம் தவறாமல் வந்தவள்தான். ஆனால் 'சலேத்' என்றால் என்ன என்று எம்.ஏ. சேரும்வரை நான் யாரையும் கேட்டதில்லை.

அது ஓர் ஊரின் பெயர். பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் சிற்றூர், லா சலேத். 1846 செப்டம்பர் 19 அன்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். மெலனிக்கு 14 வயது, மாக்சிமேனுக்கு 11. மாதா முதலில் பிரெஞ்சில் பேசினாராம். உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிச் சொல்லும்போது 'பொம் து தேர்' என்றார். 'பொம்' என்றால் ஆப்பிள், 'தேர்' என்றால் நிலம். நிலத்து ஆப்பிள் என்றால் பிரெஞ்சில் உருளைக்கிழங்கு. மெலனிக்கு அது விளங்கவில்லை. அந்த மலையில் உருளைக்கிழங்குக்கு வேறு பெயர். அவள் திரும்பி மாக்சிமேனைப் பார்த்தாள். "புரியவில்லையா பிள்ளைகளே, வேறு விதமாகச் சொல்கிறேன்" என்று மாதா அவர்களுடைய மலைப் பேச்சுக்கு மாறினார் என்பது அந்தப் பிள்ளைகளின் சாட்சி.

இந்தச் சாட்சியைப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து வாசித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எங்கள் அப்பா உருளைக்கிழங்கு போட்டவர். கிழங்கு அழுகினால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்கே பிரெஞ்சு புரியவில்லை என்பது என்னை உலுக்கியது.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். 1794-இல் அபே கிரெகுவார் என்பவர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பிரெஞ்சை ஒழுங்காகப் பேசக்கூடியவர்கள் அந்த நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் பேர்தான் என்கிறது அது. மற்ற கோடிக்கணக்கானவர்கள் பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் என்று வேறு வேறு மொழி பேசினார்கள். பின்னாளில் பள்ளிக்கூடம் அவர்களைத் 'திருத்தியது'. பிரெத்தாஞ் பகுதியில் தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னொரு பிள்ளை மாட்டும்வரை அதை அவன் சுமக்க வேண்டும். தமிழில் பேசியதற்கு அபராதம் கட்டிய பிள்ளைகள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். அந்தச் செருப்பின் கனம் உங்களுக்கு விளக்காமலே தெரியும்.

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். நான் பிரெஞ்சுக்கு வந்த வழி நல்ல வழி இல்லை. ப்ளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாக அதை எடுத்தேன். காரணம் மார்க். கட்டுரையை உருப்போட்டு எழுதினேன், 200-க்கு 192 வந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு வாக்கியம்கூட வாய்திறந்து பேசவில்லை. எங்களைப் பேசவைக்க யாரும் நினைக்கவும் இல்லை. மார்க்குக்காக ஒரு மொழியை விட்டு, மார்க்குக்காக இன்னொன்றை எடுத்து, இரண்டையும் இழந்தேன். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கல்லூரியில் முதல் வாரம். ரொட்டிக்கு, 'நல்ல' என்பதற்கு, வெள்ளைக்கு உரிய மூன்று பிரெஞ்சுச் சொற்களைப் பலகையில் எழுதினார் பேராசிரியர். மூன்றிலும் 'ன்' எழுத்து இருக்கிறது, ஆனால் நாக்கு மேலே தொடக்கூடாது, உயிரெழுத்தே மூக்கு வழியாக வர வேண்டும். எங்களால் முடியவில்லை. அவர் சொன்னார்: "சரி, பேசுகிற மாதிரியே 'மரம்' என்று சொல்லுங்கள்." சொன்னோம். "உதடு மூடியதா?" மூடவில்லை. "அவன் வந்தான்" என்று சொல்லச் சொன்னார். நாக்கு தொடவில்லை. பிரெஞ்சின் கடினமான ஒலி என்று பயந்தது பிறந்ததிலிருந்து என் வாயில் இருந்திருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அப்படித்தான். பிரெஞ்சில் 'துய்', 'வூ'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பள்ளியில் ஆங்கிலம் வழியாக பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை.

அப்புறம் இலக்கியம். மோலியேர், பால்சாக், ஹ்யூகோ, ஃப்ளோபேர் என்று பாடத்திட்டம் நூற்றாண்டு வாரியாகப் போகும். எனக்கு அதில் பிடித்தது ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரும் பயிற்சி. இந்த வினை ஏன் இந்தக் காலத்தில் வந்தது, இந்த அடைமொழி ஏன் பின்னால் நிற்கிறது என்று சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பரிமேலழகர் குறளுக்குச் செய்த வேலை போன்றதுதான். கூட்டமாகச் சேர்ந்து ஒரு பத்தியை அவ்வளவு மெதுவாகப் படிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது வேறு எந்தப் படிப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பாரிஸோடு பிரெஞ்சு முடிந்துவிடுவதில்லை. உலகத்தில் 30 கோடிக்கும் அதிகமானோர் அதைப் பேசுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவுக்கு வெளியே. பிரான்சில் சாலையோரப் பலகையில் 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில்தான் இருக்கும். கனடாவின் கெபெக்கில் 'அரே' என்று பிரெஞ்சில் எழுதுகிறார்கள். ஆங்கிலம் சூழ்ந்த இடத்தில் மொழிக்காகப் போராடியவர்கள் அவர்கள். செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் பிரெஞ்சுக் கவிஞர். 1983-இல், பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வான முதல் ஆப்பிரிக்கர். அவருக்குத் திராவிட மொழிகள் மேல் பெரிய ஈடுபாடு இருந்தது.

என்னை அதிகம் தொட்டவை தீவுகள். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன், கரீபியனில் மார்த்தினீக், குவாதலூப் என்று போனார்கள். குவாதலூப்பில் முதல் கப்பல் ஒதுங்கியது 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில். தமிழ் அங்கே பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் மதுரை வீரன் 'மல்தெவிலென்' ஆக இன்னும் இருக்கிறார். மசாலாக் குழம்புக்கு அங்கே 'கொலம்போ' என்று பெயர். நம் குழம்புதான் அது என்று சொல்பவர்கள் உண்டு. மொரீசியஸ் கவிஞர் கல் தொராபுல்லி அந்தக் கப்பல்களைப் பற்றி பிரெஞ்சில் எழுதி, 'கூலி' என்ற வசைச்சொல்லையே ஒரு கருத்தாக நிமிர்த்தி வைத்தார். வங்காள விரிகுடாவைக் கடந்துபோன நம் பாட்டன் பூட்டன்மார் கதையை நான் பிரெஞ்சில்தான் முதலில் படித்தேன்.

புதுச்சேரியில் என்னோடு ரெயூனியனிலிருந்து வந்த ஒருத்தி படித்தாள். குடும்பப் பெயர் ராமசாமி. தமிழ் தெரியாது. ஆனால் அவள் வீட்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். ஒரு விடுமுறையில் அவளை இங்கே கூட்டிவந்து குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். ஒரே மூடுபனி. அரை மணி நேரம் நின்ற பிறகு கொஞ்சம் விலகியது. கீழே சின்னதாகத் தெரிந்த குன்றைக் காட்டி, அதுதான் பழனி என்றேன். அவள் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "அங்கே எந்த பஸ் போகும்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடியற்காலையில் கிளம்பிவிட்டோம்.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. செவ்வேளைப் பாடும் பரிபாடலை ஃபிரான்சுவா குரோ 1968-இல் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சு நூல்களை நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு மொழியும் ஆழமாகத் தெரிந்தவர்கள் இன்னும் வேண்டும். தமிழை விட்டுவிட்டு வராதீர்கள்.

படிக்க நினைப்பவர்களுக்கு: சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மொழி தெரியாமலே பி.ஏ.வில் சேர்ந்து முதல் எழுத்திலிருந்து தொடங்கலாம். கல்லூரிக்கு வெளியிலிருந்து எழுதும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வு, ஏ1 என்ற தொடக்க நிலையில் ஆரம்பிக்கும்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, தீவுகளில் எழுதுவது போல உங்கள் பெயரை இந்தப் பலகையில் எழுதிப் பாருங்கள். பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் 'இஸட்' ஒலி ஆகிவிடும். அதனால்தான் அங்கே ராமசாமி, முத்துசாமி எல்லோருக்கும் இரட்டை 'எஸ்'. முன்வரிசைத் தம்பி, நீ வாப்பா. உன் பெயர் பழனிசாமியா? எழுது. இரண்டு 'எஸ்' போடு.