கீதாரி மாமா

நேயர்களுக்கு வணக்கம். போன மாசியில் என் தாய்மாமா காலமானார். வயது 87. ராமநாதபுரம் மாவட்டத்து உப்பூருக்குத் தெற்கே, அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் எங்கள் ஊர். மாமா மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். வலி தெரியாமல் இருக்க ஓர் ஆட்டுக்குட்டியையும் என் மடியில் விட்டாராம்.

ஊரில் அவருக்குப் பெயரே கீதாரிதான். நாலைந்து பேருடைய ஆடுகளைச் சேர்த்து, ஆள் வைத்து, மொத்தக் கிடைக்கும், அதாவது மந்தைக்கும், பொறுப்பேற்று நடத்துகிறவர் கீதாரி. பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை என்ற செம்மறி இனம். நீண்ட மெலிந்த கால்கள், சிலதுக்கு உடம்பில் அங்கங்கே கருந்திட்டு. எங்கள் பக்கத்து வெயிலுக்கும் நெடுநடைக்கும் வாகான ஆடு. ஒவ்வொரு குட்டிக்கும் இடது காதின் நுனியில் ஒரு வெட்டு, கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு. அதுதான் எங்கள் கிடையின் அடையாளம்.

தை அறுவடை முடிந்ததும் தொண்டி, மீமிசல், கட்டுமாவடி என்று வடக்கே தஞ்சாவூர்ச் சீமைக்கு நடை. பகலில் அறுத்த வயலின் அரிதாளில் மேய்ச்சல், ராத்திரி ஒரு வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை. மறுநாள் கிடையை அடுத்த இடத்துக்கு மாற்றிப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் உரமாக வயல் முழுக்கச் சமமாக விழ வேண்டுமே! வயல்காரர் கூலியாக நெல் அளப்பார். பிற்காலத்தில் அது பணமாகிவிட்டது.

பள்ளி விடுமுறையில் ஒரு தடவை பட்டுக்கோட்டைப் பக்கம் கிடையில் பத்து நாள் அவரோடு இருந்தேன். ஒரு நடுராத்திரி எழுப்பினார். ஒரு மறி, அதாவது பெட்டை ஆடு, குட்டி போட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் தாயை இழந்த குட்டி ஒன்றும் அங்கே பசியில் கத்திக்கொண்டு கிடந்தது. மாமா ஈன்ற மறியின் பனிக்குட நீரைக் கையில் வழித்து, அநாதைக் குட்டியின் முதுகு, வால், தலை எல்லாம் தேய்த்தார். பிறகு இரண்டு குட்டிகளையும் ஒன்றாக அதன் மூக்கடியில் தள்ளினார். அது முகர்ந்தது, தயங்கியது, அப்புறம் இரண்டையும் நக்க ஆரம்பித்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. கையைத் துண்டில் துடைத்துவிட்டு, “பேசாமப் படு மாப்பிள்ளை, விடியட்டும்” என்றார்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் வந்தபோது அவருக்கு 26 வயது. கிடை அப்போது எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இருந்தது. அந்தக் காற்றில் பட்டிப்படலை அவரே பிரித்துவிட்டாராம். அடைத்து வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிபட்டுச் சாகும் என்பது அவர் கணக்கு. ஆடுகள் கரை மேட்டில் ஒண்டிக்கொண்டன. குளிர் மழையில் சில விறைத்துப்போயின. எத்தனை என்று கேட்டால் மாமா எண்ணிக்கை சொல்ல மாட்டார். செவலை, மூளிக்காது, புல்லைச்சி, நொண்டிக்கருப்பி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவார். கடைசி வரைக்கும் அந்த வரிசை அவருக்கு மறக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் நீலநாக்கு வரும் என்று அவருக்குப் பெரிய பயம். வாய் வீங்கி, நாக்கு நீலம்பாரித்து, ஆடு இரையெடுக்காது. கொசுவைவிடச் சின்னப் பூச்சி கடித்துப் பரவுகிற நோய் அது. தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் கிடை போட விடமாட்டார். அந்தி நேரத்தில் கிடையைச் சுற்றி வேப்பிலைப் புகை மூட்டுவார். கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, புகைக்குள் இருமிக்கொண்டே நடக்கிற உருவம்தான் எனக்கு அவர்.

மூன்று வருஷத்துக்கு முன்பு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆடுகளை விற்றுவிட்டார். வியாபாரி லாரியில் ஏற்றும்போது வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

போன வாரம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கூட்டத்தின் ஓரத்தில் வயதான வெள்ளை மறி ஒன்று நின்றது. இடது காதின் நுனியில் ஒரு வெட்டு, கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு. விலை கேட்க வாய் வரவில்லை. அந்தக் காதை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.