ஊரைவிட்டே போகாமல் எகிப்தை அளந்தவர்!

[திரையில்: 1749-ல் அச்சான ஆப்பிரிக்க வரைபடம். கேமரா மெதுவாக நடுப்பகுதியை நெருங்குகிறது]

வணக்கம் நண்பர்களே. இந்த வரைபடத்தின் உட்பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு இல்லை, மலை இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. வெறும் தாள். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், வரைந்தவர் தெரிந்தே விட்ட இடம் அது. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது போகப் போகப் புரியும்.

அவர் பெயர் ழான் பாப்டிஸ்ட் பூர்கிஞோன் டான்வில். 1697-ல் பாரிஸில் பிறந்தார். 15 வயதில் பண்டைய கிரேக்கத்துக்கு வரைபடம் போட்டார். 22 வயதில் அரசரின் புவியியலாளர்களில் ஒருவர். சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயிக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். சரி, பின்னணி போதும்.

விஷயம் என்னவென்றால், இவர் பாரிஸையும் அக்கம்பக்கத்தையும் தாண்டிப் போனதே இல்லை என்று சொல்லலாம். நைல் நதியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் 1765-ல் எகிப்துக்கு வரைபடம் வெளியிட்டார். 1798-ல் நெப்போலியன் படையோடு அங்கே போன அறிஞர்கள் அது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று வியந்தார்கள்!

எப்படி முடிந்தது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், நிதானமாகவே பார்ப்போம்.

[திரையில்: மேஜை மேல் விரித்த பழைய நூல், பக்கத்தில் கவராயம்]

காதம் என்றால் எத்தனை மைல் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு ஒரு கணக்கு வரும். கிரேக்கர்களின் 'ஸ்டேடியம்' என்ற அளவும் அப்படித்தான். ஒரு பழைய நூலில் 'இந்த நகரிலிருந்து அந்த நகருக்கு 300 ஸ்டேடியம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டேடியம் 185 மீட்டர் என்றால் 55 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதே 150 மீட்டர் என்றால் 45 கிலோமீட்டர்தான். ஒரே வரி, பத்து கிலோமீட்டர் வித்தியாசம்! நகரமே இடம் மாறிவிடும்.

பழைய ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே ஸ்டேடியத்தைப் பயன்படுத்தவில்லை என்று டான்வில் வாதிட்டார். அதனால் ஒவ்வொரு நூலையும் எடுத்து, இவர் எந்த அளவில் பேசுகிறார் என்று முதலில் கண்டுபிடிப்பார். அப்புறம் ரோமானியர்களின் சாலைக் குறிப்புகள், அரபுப் புவியியலாளர்கள், பாதிரியார்கள், மாலுமிகள் சொன்ன தூரங்களை எல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். ஒத்து வந்தால்தான் பேனா தாளில் படும். 1769-ல் இந்த அளவுகளுக்கென்றே தனி நூலும் எழுதினார்.

இந்த முறையில் இத்தாலியை அளந்தபோது, அது அன்றைய வரைபடங்களில் இருந்ததைவிடச் சிறிதாக வந்தது. நாட்டைச் சுருக்கிவிட்டார்! சில ஆண்டுகளில் போப் பதினான்காம் பெனடிக்ட் இத்தாலியில் தன் ஆட்சியில் இருந்த பகுதியை, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையில், நேரடியாக அளக்க வைத்தார்; அளந்தவர்கள் போஸ்கோவிச், மேர் என்ற இரு பாதிரியார்கள். முடிவு டான்வில் பக்கமே நின்றது.

நம் கடற்கரையும் அவர் மேஜைக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1752-ல் இந்திய வரைபடம், அடுத்த ஆண்டே சோழமண்டலக் கரைக்குத் தனி வரைபடம்.

இப்போது அந்த வெற்றிடத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் தெரியாத இடத்தில் யானை, சிங்கம், கற்பனை ஊர் என்று எதையாவது போட்டு நிரப்பிவிடுவார்கள். டான்வில் மறுத்தார். அவருக்குப் பின் 1798-ல் ரென்னல் என்ற ஆங்கிலேயர் மேற்கு ஆப்பிரிக்காவில் 'காங் மலைத்தொடர்' என்று ஒன்றை வரைந்தார். அப்படி ஒரு மலைத்தொடரே கிடையாது! 1880-களின் கடைசியில் பிஞ்ஜே என்ற பிரெஞ்சு அதிகாரி நேரில் போய்ப் பார்க்கும்வரை, கிட்டத்தட்ட 90 ஆண்டுகள், வரைபடத்துக்கு வரைபடம் அந்த மலை தொடர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த மலையைவிட டான்வில் விட்ட வெறும் தாளில்தான் அறிவு அதிகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள்.

[திரையில்: அடுக்கடுக்காக வரைபடச் சுருள்கள்]

வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்தது ஏறத்தாழ 9,000 வரைபடங்கள். 1779-ல் அரசர் அத்தனையையும் விலைக்கு வாங்கினார், ஆனால் உயிரோடு இருக்கும்வரை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கிழவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தினார். அதுதான் அவர் செய்த கடைசி வேலை. அதை முடித்ததும் உடலும் நினைவும் தளர்ந்துபோயின. 1782 ஜனவரியில் அதே பாரிஸில் இறந்தார்.