ஆறாவது பொருத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாணப் பேச்சு எடுத்ததும் நம் வீடுகளில் ஜாதகத்தைத்தான் தேடுகிறோம். தினம், கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புமை சொல்கிறார். நட்சத்திரம் அதில் கிடையாது. பிறப்பும், குலத்துக்குரிய ஒழுக்கமான குடிமையும் முதலில் வருகின்றன. அந்த இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். வயது, உருவம், அருள், உணர்வு எல்லாம் உண்டு. ஆறாவதாக வருவது ‘நிறுத்த காமவாயில்’. ஒருவர்மேல் ஒருவருக்கு நிலைத்து நிற்கும் அன்பு. அதிலும் இருவரும் ஒத்திருக்க வேண்டும் என்கிறார்.

இந்த நூற்பாவை வகுப்பில் பல வருஷம் நடத்தினேன். என் வீட்டில் அது புரிய நாளாயிற்று. என் கணவர் முதல் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுப்பார். மழை வரும்போல இருந்தால் பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்பார். எனக்கோ, ராத்திரி சாப்பிடும்போது ‘இன்னைக்கு கிளாஸ் எப்படிப் போச்சு’ என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா என்று இருக்கும். அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்டு வாங்கினால் அது அன்பா என்று ஒரு வீம்பு. ஒருநாள் அழுதே விட்டேன். அவர் திகைத்துப்போய், ‘உனக்கு என்ன குறை வச்சேன்?’ என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவர் பிறந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசி அவர் பார்த்ததே இல்லை. அரிசிப் பானை குறையாமல் இருந்தால் அங்கே அதுதான் பிரியம்.

ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்பார்கள். அதற்குத் தொல்காப்பியர் சொல்லும் இலக்கணம், ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’. மறுமொழி வராமலே பேசி மகிழ்வது. இன்றைய பிள்ளைகள் வாட்ஸப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று விடியவிடிய விழித்திருக்கிறார்கள். நம்மவள்தானே, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அவன் தூங்கிவிடுகிறான். இவளுக்கு அது உதாசீனம். இதைக் கைக்கிளை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு பக்கமும் அன்பு இருக்கிறதே! எது வந்தால் மனசு நிறையும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்த அழுகைக்குப் பிறகு, தட்டு வைக்கும்போதே நான் ‘கேளுங்க’ என்பேன். கேட்பார். முதலில் பாடம் ஒப்பிப்பதுபோல்தான் இருந்தது. நான் ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகிறது, வகுப்பு இல்லை. இப்போது அவராகவே, ‘இன்னைக்கு என்ன படிச்சே?’ என்கிறார்.